எத்தனை செட் ஜாக்கி இருக்கிறது? கட்டட வேலையின் தேதி முடிவாகும் இடம்

கட்டட சைட் ஆபீஸ் சுவரில் பெரும்பாலும் ஒரு பார் சார்ட் ஒட்டியிருக்கும், எந்த வேலை எந்தத் தேதியில் என்று பட்டைகளால் காட்டும் தாள். வேலை தொடங்கிய வாரத்தில் கலரில் பிரின்ட் எடுத்தது. ஆறு மாதம் கழித்துப் போனாலும் அதே தாள்தான் இருக்கும், ஓரம் மட்டும் சுருண்டிருக்கும். மேஸ்திரி அதை ஏறிட்டுப் பார்ப்பதில்லை. சைட் இன்ஜினியர் முதல் ரூஃப் தள்ளிப்போன அன்றே அதைக் கைவிட்டிருப்பார். வங்கியில் கேட்டால் நகல் கொடுக்க மட்டும் உதவும்.

சாஃப்ட்வேர் சரியில்லை, ஆள் வரவில்லை, மழை வந்துவிட்டது என்று காரணங்கள் சொல்வார்கள். அவை பொய்யில்லை. ஆனால் கோளாறு அதற்கு முன்பே தொடங்கிவிடுகிறது. முதலில் தேதியை எழுதிவிட்டு, ஆளையும் சாமானையும் பிறகு தேடுகிறார்கள். சைட்டில் நடப்பது இதற்கு நேர் எதிர். எத்தனை செட் சென்ட்ரிங் சாமான் (கான்கிரீட் இறுகும்வரை அதைத் தாங்கும் ஷீட்டும், ஜாக்கி என்கிற முட்டுக்கம்பமும்) கையில் இருக்கிறது, எத்தனை ஜோடி கொத்தனார் நிலையாக வருகிறார்கள், கலவையை மேலே ஏற்ற எத்தனை ஹாய்ஸ்ட் என்பதுதான் தேதியை முடிவுசெய்கிறது. இந்த மூன்றையும் எழுதாத சார்ட்டை வைத்து எதையும் திட்டமிட முடியாது.

கணக்கோடு பார்ப்போம். சென்னைப் புறநகரில் வழக்கமாகக் கட்டுகிற அடுக்குமாடி ஒன்று. கீழே வண்டி நிறுத்த ஸ்டில்ட், மேலே 5 மாடி, ஆக 6 ரூஃப். பீம்கள் எல்லாம் 6 மீட்டருக்குள். சென்ட்ரிங்கை எப்போது பிரிக்கலாம் என்பதற்கு கான்கிரீட் வேலைக்கான இந்தியத் தர விதியான ஐ.எஸ். 456-இன் 2000-ஆம் ஆண்டுப் பதிப்பு எண்கள் கொடுத்திருக்கிறது. பில்லர் போன்ற நிமிர்ந்த பரப்புகளின் பெட்டியை 16 முதல் 24 மணி நேரத்தில் கழற்றலாம். ஸ்லாபைத் தாங்கும் ஜாக்கி, தாங்கல்களுக்கு நடுவே 4.5 மீட்டர் இடைவெளி வரை 7 நாள், அதற்கு மேல் 14 நாள் நிற்க வேண்டும். பீமுக்கு 6 மீட்டர் வரை 14 நாள், அதைத் தாண்டினால் 21 நாள். இவை ஓபிசி எனும் சாதாரண போர்ட்லாண்ட் சிமென்ட், சரியான கியூரிங் (தண்ணீர் விட்டு ஈரமாக வைத்திருத்தல்), 15 டிகிரிக்குக் குறையாத வெப்பம் ஆகிய மூன்றும் அமைந்தால் பொருந்தும் எண்கள். எரிசாம்பல் போன்றவை கலந்த பிபிசி சிமென்ட் மூட்டை வாங்கினால் அது நிதானமாகவே வலுப்பெறும், ஆகவே இன்னும் சில நாள் கூட்ட வேண்டும். கணக்கு எளிதாக இருக்க இங்கே 14 நாள் என்றே வைத்துக்கொள்வோம்.

ஒரு ரூஃப் கான்கிரீட் போட்ட நாள் 0. மறுநாள் மார்க்கிங், பிறகு பில்லர் கம்பி, பெட்டி, பில்லர் கான்கிரீட் என்று 6-ஆம் நாளில் பில்லர் வேலை முடிந்துவிடும். அதற்குப் பின் பீமுக்கும் ஸ்லாபுக்கும் சென்ட்ரிங் அடிக்க 6 நாள், கம்பி கட்ட 3 நாள், எலக்ட்ரிக் பைப் போட்டுச் சரிபார்க்க 1 நாள், கான்கிரீட் 1 நாள். கையில் இரண்டாவது செட் சாமான் இருந்தால் 7-ஆம் நாளே சென்ட்ரிங் தொடங்கும், 17-ஆம் நாள் அடுத்த ரூஃப் விழும். ஒரே செட் என்றால் பில்லர் முடிந்தும் பயனில்லை. கீழே 14 நாள் முடிந்து, 15-ஆம் நாள் பிரித்து, சுரண்டி, எண்ணெய் தடவி, மேலே ஏற்றி, 16-ஆம் நாள்தான் முதல் ஷீட்டை வைக்க முடியும். அடுத்த ரூஃப் 26-ஆம் நாள்.

முதல் ரூஃபுக்கும் கடைசி ரூஃபுக்கும் நடுவே 5 சுற்று. ஒரு செட்டுடன் 130 நாள், இரண்டு செட்டுடன் 85 நாள். வித்தியாசம் 45 நாள். இரண்டாவது செட்டுக்கு ஆகும் வாடகையை ஒரு பக்கமும், 45 நாளுக்கான இன்ஜினியர் சம்பளம், வாட்ச்மேன், ஹாய்ஸ்ட் வாடகை, கடன் வட்டி ஆகியவற்றை மறுபக்கமும் எழுதிப் பார்த்தால் முடிவு தானே தெரியும். இந்தக் கணக்கைப் போடாமலேயே "ரெண்டு செட் எதுக்கு, வாடகை ஏறுது" என்று விட்டுவிடுகிற இடங்கள்தான் அதிகம். வாடகைக்கு மாதாமாதம் பில் வருகிறது. தாமதத்துக்கு அப்படித் தனியாக ஒரு பில் வருவதில்லை.

ஆனால் 14 நாள் ஆனதும் கீழ்த்தள ஜாக்கி முழுவதையும் உருவிவிடலாம் என்று இதற்கு அர்த்தமில்லை. 17-ஆம் நாள் மேலே பச்சைக் கான்கிரீட் விழும்போது, அதன் எடை ஜாக்கி வழியாகக் கீழ் ஸ்லாபின் மேல்தான் வந்து நிற்கிறது. 5 அங்குல ஸ்லாபின் எடை சதுர மீட்டருக்கு 300 கிலோவைத் தாண்டும். வீட்டுத் தளத்துக்கு வடிவமைப்பில் வைக்கிற பயன்பாட்டு எடை ஏறத்தாழ 200 கிலோதான். ஆகவே மேல் ரூஃப் விழுந்து சில நாள் ஆகும்வரை கீழ்த்தளத்தில் பீமுக்கு அடியிலும் ஸ்லாபின் நடுவிலும் ஒரு வரிசை ஜாக்கி நிற்க வேண்டும். எத்தனை, எங்கே என்பதை ஸ்ட்ரக்சுரல் இன்ஜினியரிடம் எழுதி வாங்குங்கள். ஷீட் இரண்டு செட், ஜாக்கி இரண்டரை செட் என்று ஆர்டர் போடுவதற்குக் காரணம் இதுதான். அந்த அரை செட்டை மறந்துவிட்டால், மூன்றாவது ரூஃபுக்கு ஜாக்கி பற்றாமல் முதல் தளத்தில் நிற்பதை இரவோடு இரவாக உருவுவார்கள். பின்னால் ஸ்லாபின் அடியில் மயிரிழை விரிசல் தெரிந்தால் சிமென்ட்டைக் குறை சொல்வார்கள்.

அப்படியானால் மூன்று செட் வாங்கினால் இன்னும் வேகம் பிடிக்குமா என்றால், பிடிக்காது. இரண்டு செட் வந்தவுடன் இழுத்துப் பிடிக்கிற இடம் மாறிவிடுகிறது. இப்போது நாளைத் தின்பது சென்ட்ரிங் கார்பெண்டர்களின் 6 நாளும் கம்பி கட்டுபவர்களின் 3 நாளும். அடுத்த ரூபாயை அங்கே போட வேண்டும். எந்த இடம் இறுக்கமோ அங்கே மட்டும் செலவு செய்து, மற்ற இடங்களில் கையைக் கட்டிக்கொள்வதுதான் வளங்களை நிர்வகிப்பதில் பாதி வேலை.

கிரிட்டிகல் பாத் முறையை 1950-களின் இறுதியில் டூபான்ட் நிறுவனத்தின் மார்கன் வாக்கரும் ரெமிங்டன் ராண்டின் ஜேம்ஸ் கெல்லியும் உருவாக்கினார்கள். 1958-இல் அமெரிக்கக் கடற்படையின் போலாரிஸ் ஏவுகணைத் திட்டத்துக்காக பெர்ட் (PERT) என்ற இன்னொரு திட்டமிடல் முறை வந்தது. எந்த வேலை முடிந்தால் எது தொடங்கலாம் என்ற சங்கிலியை இரண்டும் அருமையாகக் காட்டும். ஆனால் மேலே பார்த்த கணக்கில் ஸ்டில்ட் ரூஃபின் ஜாக்கிக்கும் முதல் மாடி சென்ட்ரிங்குக்கும் உள்ள தொடர்பு அந்தச் சங்கிலியில் தானாக வராது. "பில்லர் முடிந்தால் சென்ட்ரிங்" என்றுதான் வரும். சாமான் பிரிந்து வர வேண்டும் என்ற இணைப்பை நாமே போட வேண்டும். சாஃப்ட்வேரில் ரிசோர்ஸ் லெவலிங் என்று, இருக்கிற ஆளுக்கும் சாமானுக்கும் ஏற்ப வேலைகளை நகர்த்தும் ஒரு பட்டன் உண்டு. எல்லா ஆளையும் எல்லாச் சாமானையும் உள்ளிட்டு அதை அழுத்தினால், வேலைகள் சிதறி மனிதனுக்குப் புரியாத ஒரு சார்ட் வெளியே வரும். இறுக்கமான இரண்டு மூன்று வளங்களுக்கு மட்டும் கையால் இணைப்புப் போடுவது போதும், மேஸ்திரிக்கும் விளக்க முடியும்.

ஃபுளோட், அதாவது ஒரு வேலையைத் தள்ளிப்போட்டாலும் மொத்தத் தேதி கெடாத அவகாசம், அந்த விஷயத்தில் ஒரு எச்சரிக்கை. காம்பவுண்டு சுவர், சம்ப் (தரைக்கடித் தண்ணீர்த் தொட்டி) போன்றவற்றுக்கு சார்ட்டில் மூன்று மாத ஃபுளோட் காட்டும். எல்லாரும் "அப்புறம் பார்த்துக்கலாம்" என்று தள்ளுவார்கள். கடைசியில் பூச்சு வேலை உச்சத்தில் இருக்கும்போது அதே கொத்தனார்களை இழுத்து சம்ப் கட்டுவார்கள். சம்ப் முதலிலேயே இருந்திருந்தால் கியூரிங் தண்ணீருக்கே உதவியிருக்கும்.

இனி ஆள் கணக்கு. உட்பூச்சு மொத்தம் 60,000 சதுர அடி என்று வைப்போம். ஒரு கொத்தனாரும் ஒரு சித்தாளும் சேர்ந்த ஜோடி நாளுக்கு 100 சதுர அடி பூசினால் 600 ஜோடி-நாள். 10 ஜோடி போட்டால் 60 நாள். சார்ட்டில் "பூச்சு வேலை: 60 நாள்" என்று ஒரு பட்டை விழும். அங்கேதான் ஓட்டை. 10 ஜோடிக்குப் பேசினால் சராசரியாக 8 ஜோடிதான் வரும் என்றால் 75 வேலை நாள். ஞாயிறு விடுமுறை, வாரத்துக்கு 6 நாள் என்று பிரித்தால் பன்னிரண்டரை வாரம். காலண்டரில் 88 நாள். சார்ட்டில் இருந்த 60-க்கும் இதற்கும் நடுவே யாரும் எந்தத் தப்பும் செய்யவில்லை, சோம்பேறித்தனமும் இல்லை. சனிக்கிழமை கூலி வாங்கிய கையோடு ஊருக்குப் போகிறவர் திங்கள் மதியம்தான் திரும்புவார் என்பது மேஸ்திரிக்குத் தெரியும், சார்ட் போட்டவருக்குத்தான் தெரியவில்லை.

தாமதமானால் முதலில் வரும் யோசனை ஆளை இரட்டிப்பாக்குவது. 20 ஜோடி வந்தால் நாள் பாதியாகுமா? ஒரே ஹாய்ஸ்ட், ஒரே கலவை மெஷின், அதே சாரம் என்றால் 14-ஆவது, 15-ஆவது ஜோடியிலேயே கலவைக்குக் காத்திருக்கத் தொடங்குவார்கள். கூலி முழுதாகப் போகும், பரப்பு கூடாது. ஆள் கூட்டுவதற்கு முன் கேட்க வேண்டியது ஒன்றுதான்: இப்போது இருக்கிறவர்கள் ஒரு நாளில் எவ்வளவு நேரம் சும்மா நிற்கிறார்கள், எதற்காக நிற்கிறார்கள்? ஒரு நாள் காலை 9 முதல் 5 வரை அரை மணிக்கு ஒரு முறை சைட்டைச் சுற்றி, பூசுகிறவர் எத்தனை, மணலுக்கும் தண்ணீருக்கும் சாரத்துக்கும் காத்திருப்பவர் எத்தனை என்று குறித்தாலே விடை கிடைத்துவிடும். பல இடங்களில் மணல் சலிக்க இன்னும் இரண்டு ஆள் போட்டால் 10 ஜோடியே 12 ஜோடி வேலையைக் கொடுக்கும்.

நாட்காட்டியையும் உள்ளூர் நாட்காட்டியாகப் போட வேண்டும். சாஃப்ட்வேரோடு வரும் விடுமுறைப் பட்டியலுக்கு பொங்கல் ஒரு நாள். சைட்டுக்கு அது ஒரு வாரம், சில வருடம் பத்து நாள். பீகாரிலிருந்து வந்திருக்கிற குழு என்றால் தீபாவளிக்கு ஆறு நாள் கழித்து வரும் சத் பூஜைக்குக் கூண்டோடு ஊருக்குப் போகும். ரயில் டிக்கெட் எப்போது எடுத்திருக்கிறார்கள் என்று கேட்டுக் குறித்துவைப்பது நல்ல திட்டமிடல். தேர்தல் வந்தால் அதற்கும் போவார்கள். சென்னையில் அக்டோபர் முதல் டிசம்பர் வரை வடகிழக்குப் பருவமழை. மண் தோண்டுவதும் அஸ்திவாரமும் செப்டம்பருக்குள் தரைமட்டத்துக்கு மேலே வந்துவிட வேண்டும். இல்லாவிட்டால் குழியில் தண்ணீர் இறைப்பதுதான் முழுநேர வேலையாகிவிடும். ஒப்படைக்கும் தேதியை ஜூலை கடைசி என்று போட்டு ஓவர்டைமில் ஓட்டுகிறவர்கள் உண்டு. ஆடியில் யார் பால் காய்ச்சுவார்கள்? ஒன்று, ஆனியிலேயே முடிக்க வேண்டும். இல்லையென்றால் ஆவணி முதல் முகூர்த்தத்துக்கு முடித்தால் போதும், ஓவர்டைம் பணமாவது மிஞ்சும்.

இதுவரை சொன்னது திட்டம். வேலை எங்கே நிற்கிறது என்று அளப்பதில் இன்னும் அதிகக் குழப்பம். "பூச்சு வேலை எவ்வளவு ஆச்சு?" "எண்பது பர்சென்ட் சார்." அடுத்த வாரம் 85. அதற்கடுத்த வாரம் 90. பிறகு ஒன்றரை மாதம் 90-லேயே நிற்கும். மிச்சமிருக்கும் 10 சதவீதத்தில்தான் ஜன்னல் ஓரம், பால்கனி மூலை, எலக்ட்ரீஷியன் உடைத்த சுவர், பிளம்பர் முடிக்காத குழாய் எல்லாம் இருக்கிறது. வாயால் சொல்லும் சதவீதத்தை ரிப்போர்ட்டில் ஏற்றுவதை அடியோடு நிறுத்திவிடலாம்.

அதற்குப் பதில், ஒவ்வொரு வேலைக்கும் எந்தப் படியைத் தாண்டினால் எவ்வளவு என்று முன்கூட்டியே எழுதிவையுங்கள். ஒரு பாத்ரூமை எடுத்துக்கொண்டால், சுவருக்குள் குழாய் பதித்துப் பிரஷர் டெஸ்ட் ஆனால் 20. வாட்டர்புரூஃபிங் செய்து, 48 மணி நேரம் தண்ணீர் நிறுத்தி, கீழ்வீட்டு சீலிங்கில் ஈரம் இல்லை என்று பார்த்தால் 30. டைல்ஸ் முடிந்தால் 30. சானிட்டரி சாமான் மாட்டித் தண்ணீர் ஓடினால் 20. நடுவில் எதுவும் கிடையாது. வாட்டர்புரூஃபிங் பூசியாயிற்று, தண்ணீர் மட்டும் நிறுத்தவில்லை என்றால் அந்த 30 சுழியம்தான். கொஞ்சம் கறாராகத் தெரியும். ஆனால் டைல்ஸ் ஒட்டிய பிறகு ஒழுக்கு தெரிந்து மொத்தத்தையும் பெயர்க்கிற செலவைப் பார்த்தவர்கள் இந்தக் கறாரை எதிர்க்க மாட்டார்கள்.

இப்படி அளந்தால்தான், முடிந்த வேலையைப் பண மதிப்பில் பார்க்கும் ஏர்ண்ட் வேல்யூ என்கிற கணக்குக்கு மரியாதை. மூன்று எண்கள் போதும். மொத்த பட்ஜெட் 2 கோடி. 20-ஆவது வார முடிவில் திட்டப்படி 1 கோடியே 20 லட்சத்துக்கான வேலை முடிந்திருக்க வேண்டும். அளந்து பார்த்தால் முடிந்தது 96 லட்சத்துக்கான வேலை. அதற்குச் செலவானது 1 கோடியே 8 லட்சம். முடிந்த வேலையைத் திட்டமிட்ட வேலையால் வகுத்தால் 0.80, அதாவது வேகம் குறைவு. முடிந்த வேலையைச் செலவால் வகுத்தால் 0.89, அதாவது 89 காசு வேலைக்கு ஒரு ரூபாய் போகிறது. இதே போக்கில் போனால் 2 கோடியை 96-க்கு 108 என்ற விகிதத்தில் பெருக்க, கட்டடம் முடியும்போது 2 கோடியே 25 லட்சம் ஆகும். இந்த 25 லட்சத்தை 20-ஆவது வாரத்திலேயே முதலாளியிடம் சொல்வது சங்கடம்தான். 40-ஆவது வாரத்தில் சொல்வது அதைவிடச் சங்கடம்.

இந்தக் கணக்கில் இரண்டு பொறிகள் உண்டு. வேகத்தைக் காட்டும் எண் கடைசியில் தானாகவே 1-ஐத் தொட்டுவிடும். ஏனெனில் வேலை முழுதும் முடிந்தால் முடிந்த வேலையும் திட்டமிட்ட வேலையும் ஒன்றுதான், ஒரு வருடம் தாமதமாகியிருந்தாலும் சரி. ஆகவே பாதிக்கு மேல் வேலை போன பிறகு பணத்துக்குப் பதில் வாரக் கணக்கில் அளக்க வேண்டும். திட்ட மேலாண்மை நிபுணர் வால்ட் லிப்கே 2003-இல் முன்வைத்த முறை இது: 96 லட்சம் வேலை திட்டப்படி எந்த வாரம் முடிந்திருக்க வேண்டும் என்று பார்ப்பது. அது 17-ஆவது வாரம் என்றால், 20-க்கு 17, மூன்று வாரம் பின்தங்கல். கடைசிவரை உண்மை சொல்லும். இன்னொரு பொறி, பணத்தால் எடைபோடுவது. விலை கூடிய வேலையை முன்னால் தள்ளினால் எண் அழகாகிவிடும். டைல்ஸ் லோடு வந்து இறங்கியதையே வேலையாக எழுதிக்கொள்வதும் நடக்கும். குடோனில் இருக்கிற டைல்ஸுக்கு மதிப்பு சுழியம் என்று எழுதிவைத்துவிட்டால் அந்த ஆசை போய்விடும்.

மாத ரிப்போர்ட் மேலிடத்துக்கு. சைட்டை ஓட்டுவது வாரத் திட்டம். 1990-களில் கிளென் பல்லார்டும் கிரெகரி ஹோவெலும் கட்டுமானத்துக்காக உருவாக்கிய லாஸ்ட் பிளானர் முறையின் சாரம், வேலையைச் செய்யப்போகிறவரே வாக்குக் கொடுக்க வேண்டும் என்பது. வெள்ளிக்கிழமை மாலை, மறுநாள் கூலிப் பட்டுவாடாவுக்கு முன், எல்லா மேஸ்திரிகளையும் நிற்கவைத்தே அரை மணி நேரம் பேசினால் போதும். அடுத்த வாரம் என்ன முடிப்பீர்கள்? "மூணாவது மாடி தெற்கு வீடு உட்பூச்சு, வியாழக்கிழமை" என்று இடமும் நாளும் சொல்ல வேண்டும். "பூச்சு ஓடும்" என்பது வாக்கு அல்ல. உடனே அடுத்த கேள்வி: அதற்குத் தடை ஏதாவது? எலக்ட்ரீஷியன் பாக்ஸ் வைத்துவிட்டாரா, ஜன்னல் ஃபிரேம் வந்ததா, டிராயிங் இறுதியா? தடை இருந்தால் அந்த வேலை அந்த வாரப் பட்டியலில் ஏறக் கூடாது. தடையை நீக்குவது இன்ஜினியரின் வேலை, அதற்காகத்தான் ஆறு வாரம் முன்னோக்கிப் பார்க்கிற இன்னொரு பட்டியலை அவர் வைத்திருக்க வேண்டும்.

அடுத்த வெள்ளிக்கிழமை, சொன்ன 20 வாக்கில் எத்தனை முடிந்தது என்று எண்ணுங்கள். 11 என்றால் 55 சதவீதம். முக்கால்வாசி முடிந்தது அரை மதிப்பெண் என்றெல்லாம் கிடையாது. முடியாத 9-க்கும் எதிரே ஒரு காரணம் எழுதுங்கள்: டிராயிங், சாமான், முந்தைய வேலை, ஆள், மழை. ஒன்றரை மாதம் எழுதினால் மீண்டும் மீண்டும் வருவது எது என்று தெரிந்துவிடும். "ஆள் வரவில்லை" என்பதைவிட "முந்தைய வேலை முடியவில்லை" என்பதும் "டிராயிங் வரவில்லை" என்பதும் மேலே வந்தால் ஆச்சரியப்பட வேண்டாம். அவை இரண்டும் மேஸ்திரியின் குறைகள் அல்ல.

இந்தச் சதவீதத்தை வைத்து மேஸ்திரிக்கு அபராதமோ போனஸோ போட்ட அன்றே அது செத்துவிடும். மூன்று நாள் வேலைக்கு ஐந்து நாள் கேட்பார், சொன்னதை எல்லாம் முடிப்பார், கட்டடம் நகராது. அதேபோல் சதுர அடிக் கணக்கில் மட்டும் கூலி பேசினால் பரப்பு ஏறும், தரம் இறங்கும். பூசிய சுவரை ஒரு கம்பியால் தட்டிக்கொண்டே நடந்தால் எங்கே உள்ளீடற்ற ஒலி கேட்கிறது என்று தெரியும். அந்த இடம் கழித்துத்தான் அளவு என்று முதல் பில்லிலேயே செய்துகாட்டிவிட வேண்டும். ஒருவரின் செயல்பாட்டை எடைபோட எனக்குப் பிடித்த அளவுகோல் இரண்டு: திரும்பச் செய்ய வேண்டியிருந்த வேலை எவ்வளவு, அடுத்து வருகிறவருக்கு இடத்தை எப்படி விட்டுப்போனார்.

தாமதம் வந்தால் சார்ட்டைத் திருத்தத்தான் வேண்டும். ஆனால் முதல் தேதியை அழித்துவிட்டுப் புதுத் தேதியைப் போடக் கூடாது. முதல் தேதி, இப்போதைய கணிப்பு என்று இரண்டும் பக்கத்துப் பக்கத்தில் நிற்கட்டும். எதனால் தள்ளியது என்பதை அன்றே எழுதி இரு தரப்பும் கையெழுத்துப் போட வேண்டும். மத்தியப் பொதுப்பணித் துறை ஒப்பந்தங்களில் இதற்கென்றே ஹின்ட்ரன்ஸ் ரெஜிஸ்டர் இருக்கிறது. எந்தத் தேதியில் தடை தொடங்கியது, எப்போது நீங்கியது, ஒன்றன்மேல் ஒன்று விழுந்த நாட்களைக் கழித்து நிகரமாக எத்தனை நாள் என்று அதில் ஏறும். தனியார் வேலைக்கும் ஒரு நூறு பக்க நோட்டு போதும். வருடக் கடைசியில் நினைவிலிருந்து எழுதுகிற தாமதக் கடிதத்தை எதிர்த்தரப்பு ஏற்றுக்கொள்ளாது.

கடைசி இரண்டு மாதத்துக்குத் தனி சார்ட் போடுங்கள். அதற்குமேல் வேலை மாடி மாடியாக நகர்வதில்லை, வீடு வீடாக நகரும். லிஃப்டை ரூஃப் வேலை முடிந்தபின் ஆர்டர் செய்தால் கட்டடம் அதற்காகக் காத்திருக்கும். லிஃப்ட் ஏறி இறங்கும் கிணற்றின் அளவு உறுதியானதுமே ஆர்டர் போய்விட வேண்டும். மின் இணைப்புக்கும் முடிப்புச் சான்றுக்குமான விண்ணப்பங்களை யார், எந்தத் தேதியில் கொடுப்பார் என்று பெயர் போட்டு எழுத வேண்டும். இவற்றில் ஆள் கூட்டி வேகப்படுத்த வழியில்லை. பெயின்ட் கடைசிக் கோட் அடிப்பதற்கு முன் எலக்ட்ரீஷியன், பிளம்பர், கார்பெண்டர் மூவரும் அந்த வீட்டில் இனி வேலை இல்லை என்று கதவில் ஒட்டிய தாளில் கையெழுத்துப் போட வேண்டும். கோட் காய்ந்ததும் வீட்டைப் பூட்டிச் சாவியை ஒரே ஆளிடம் கொடுங்கள். அதன்பின் அந்தச் சாவியைக் கேட்டு வருகிறவர் பெயரும் நேரமும் நோட்டில் ஏறாமல் கதவு திறக்கக் கூடாது.